திருகாத கை

கப்சா என்பது தாய்தகப்பன் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்தது நல்ல பெயர்தான். அது மாதம் ஒரு முறை சம்பளச் சீட்டில் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில், ஐம்பத்திரண்டு வயதான அந்த மனிதரை மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை கப்சா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் ஓசியில் வந்ததில்லை, உழைத்துச் சம்பாதித்தது. தலையணை உறைக்குள் நோயாளி யாரோ மறந்துவிட்டுப்போன பல்செட்டு தன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது என்றும், டாக்டர் ஓடிவந்து மயக்க ஊசி போட்ட பிறகுதான் விட்டது என்றும் ஒரு கதை சொல்வார். ஊசி யாருக்கு என்று கேட்டால், "பல்செட்டுக்குத்தான், பின்ன எனக்கா?" என்பார். விரலில் தழும்பு வேறு காட்டுவார். தழும்பு என்னவோ உண்மை. கதவிடுக்கில் நசுங்கியது.

அந்தக் கூடத்தில் இப்படிக் கதைவிடுவது லேசான காரியம் இல்லை. ஒரு பக்கம் ஆறு பெரிய துவைக்கும் இயந்திரங்கள், எதிரே உலர்த்தும் உருளைகள், நடுவில் ஒரு லாரி நீளத்துக்கு இஸ்திரி இயந்திரம். எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் இடி விழுந்தால்கூட யாராவது கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் பேச்சு, முகத்தைத் திருப்பினால் கதவைச் சாத்தியது மாதிரி. சிரிப்புக்கும் கோபத்துக்கும் சைகை வேண்டியதில்லை, அவை தாமாகவே தெரியும். ஆனால் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தனிச் சைகை வைத்திருந்தார்கள். அந்தச் சொல் 'சும்மா'. தலைக்கு மேலே கையைத் தூக்கி, எரியாத பல்பைக் கழற்றுவதுபோல் ஒரு திருகு. சொன்னதெல்லாம் விளையாட்டு, மனதில் வைக்காதே என்று அர்த்தம். பொய் சொன்னவன் கடைசியில் கையைத் திருகியே ஆக வேண்டும். குரலின் ஏற்ற இறக்கம் காதில் விழாத இடத்தில் வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வது? இருபது வருஷத்தில் கப்சா அளவுக்குத் திருகியவர் யாரும் இல்லை. அந்தத் திருகலை நிஜப் பல்புகளில் காட்டியிருந்தால் ஊரே இருண்டுபோயிருக்கும்.

அவருடைய வேலை விரிப்பு மடிப்பது. கட்டில் விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். இஸ்திரி ஆகிச் சூட்டோடு வரும் துணியைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் இரண்டாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒருவர் முனையை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு முறை. எதிர் முனையில் பதினொரு வருஷமாக நின்றவர் மடிப்பக்கா. கப்சாவைவிட நான்கு வயது மூத்தவர். கட்டிய கணவனைப் பார்த்ததைவிடக் கப்சாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்பார். "அந்த மனுஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாரு. இவன் போகவே மாட்டேங்கிறான்."

அக்காவின் வீட்டு நிலவரம் முழுக்க அந்த விரிப்பின் மேலேதான் கப்சாவுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வாக்கியம். அக்காவுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை சரியில்லை, விட்டாயிற்று. மகள் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில், வசதியானவர்கள் வீட்டிலேயே தங்கி இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் போனபோது அவளுடைய சொந்தக் குழந்தைக்கு எட்டு மாதம். இப்போது அந்தப் பெண் குழந்தைக்கு ஆறு வயது. அது பாட்டியை 'அம்மா' என்கிறது; பெற்றவளை 'போன் அம்மா' என்கிறது. மகள் அனுப்புவதில்தான் வீட்டு வாடகை போகிறது. அக்காவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷத்தோட சரி தம்பி," என்று அக்கா சொல்லியிருந்தார். "டிசம்பரோட நான் நின்னுக்கிறேன். அவ அனுப்புறது போதும். உட்கார்ந்துடுவேன்."

"நிக்கிறீங்களா, உட்கார்றீங்களா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"உன் தலையில உட்கார்றேன் போ."

லாட்டரி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பேர் சேர்ந்து வாராவாரம் ஒரு சீட்டு வாங்கினார்கள். கப்சா, மடிப்பக்கா, கொதிகலனைப் பார்த்துக்கொண்ட ஆவி மாமா, அழுக்குத்துணி பிரிக்கும் அறையில் வேலை பார்த்த மூக்குப்பொத்தி. ஆவி மாமா பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நீராவிதான். சீட்டு வாங்குவதும் முடிவு பார்ப்பதும் கப்சா பொறுப்பு. வெள்ளிக்கிழமை குலுக்கல், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு. அதற்கு முன்னால் 'அடிச்சா என்ன பண்ணுவே' என்று ஒரு சுற்றுப் போகும். உள்ளதைச் சொன்னால், சீட்டுக்குக் கொடுத்த காசு இந்தச் சுற்றுக்குத்தான்.

"இந்தக் கொதிகலனை விலைக்கு வாங்கி மலை உச்சிக்குக் கொண்டுபோய் உருட்டி விடுவேன்," என்பார் ஆவி மாமா.

"மிச்சப் பணத்தை?"

"இன்னொண்ணு வாங்கி அதையும் உருட்டுவேன். காசு தீர்ற வரைக்கும்."

மூக்குப்பொத்திக்குத் தினம் ஒரு புதுப் படுக்கை விரிப்பு வேண்டும். ஒரு ராத்திரி படுத்துவிட்டு, துவைக்காமல் தூக்கி எறிய வேண்டும். "யாராவது பொறுக்கித் துவைச்சா, அவங்களுக்கும் காசு கொடுத்துத் துவைக்காதேன்னு சொல்லுவேன்." கப்சாவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆசை. ஒரு வாரம் தீவு. ஒரு வாரம் தன் வீட்டு வாசலில் மட்டும் நின்று போகும் ரயில்.

மடிப்பக்கா மட்டும் பதினொரு வருஷமாக ஒரே சொல்லைச் சொன்னார். "உட்காருவேன்."

"வெறுமனேயா?"

"வெறுமனே உட்கார்றதுக்குத்தாண்டா பணம் வேணும்."

எல்லோரும் அதை நம்பினார்கள். ஆள் என்ன சொல்கிறாரோ அதுதான் அவர் ஆசை என்று நினைத்துவிடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமை கப்சா முடிவு பார்க்கப் போனார். கூடத்துக்குள் போன் கூடாது. வெளியே நடையில் ஓர் அலமாரியில் எல்லோருடைய போனும் இருக்கும். நடைக்கும் கூடத்துக்கும் நடுவே, பஞ்சுத்தூசு வெளியே போகாமல் இருக்க, பெரிய கண்ணாடி. சீட்டில் இருந்த ஆறு எண்களில் ஒன்றுகூட விழவில்லை. வழக்கம்தான். வழக்கமாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. உள்ளே வந்து, கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றின்மேல் ஏறி நின்றார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்தார்.

"அடிச்சிடுச்சு," என்றார். "முதல் பரிசு. ஆறும் நம்முது."

உடனே திருகியிருக்க வேண்டும். ஆனால் நல்ல பொய்யைக் கொஞ்சம் ஊறவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆவி மாமா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், நேரே கொதிகலனிடம் போய் விரலை ஆட்டி ஆட்டித் திட்ட ஆரம்பித்தார். மூக்குப்பொத்தி கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அது எந்தக் கையுறை என்று ஞாபகம் வந்து குழாயடிக்கு ஓடினாள். மடிப்பக்கா விரிப்பின் முனையை விட்டுவிட்டார். பதினொரு வருஷத்தில் அவர் கையில் இருந்து ஒரு துணி தரையைத் தொட்டது அன்றைக்குத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

உட்காரப் போகிறார் என்று நினைத்தார் கப்சா. சிரிப்பு வந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறார் பார்க்கலாம் என்று கண்ணாடிப் பக்கம் போனார்.

அக்கா உட்காரவில்லை. அலமாரியில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவர் உதடுகள் தெளிவாகத் தெரிந்தன. பதினொரு வருஷம் படித்த உதடுகள். கூட்டிக் குறைக்காமல் அப்படியே படித்தார் கப்சா.

"வந்துடும்மா... ஆமா, இன்னைக்கே... அவங்ககிட்டச் சொல்லிட்டு வந்துடு. போதும். அடுத்தவங்க பிள்ளைங்கள வளர்த்தது போதும்... இல்லடி, நிஜமாத்தான். சொல்லு, இப்பவே சொல்லு. நான் லைன்ல இருக்கேன்."

அப்போது திருகியிருக்கலாம். கண்ணாடியைத் தட்டி, கையைத் தூக்கி, ஒரே ஒரு திருகு. அக்கா பார்த்திருப்பார். 'விளையாடுறான்டி, இரு' என்று சொல்லியிருப்பார். வாழ்நாள் முழுக்க அவரைத் திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். கப்சாவின் கை பைக்குள்ளேயே இருந்தது. ஏன் என்று பிற்பாடு அவரே தன்னைக் கேட்காத நாள் இல்லை. அக்காவின் முகம் அப்படி இருந்தது. பதினொரு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை, அதைக் கொண்டுவந்ததும் தன் பொய்தான். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டுமே என்று நினைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் தொலைவில் ஒரு வீட்டின் கூடத்தில் மகள் தன் முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

உள்ளே திரும்பிய கப்சா ஆவி மாமாவுக்கும் மூக்குப்பொத்திக்கும் கையைத் திருகிக் காட்டினார். ஈரத் துண்டுகள் பறந்து வந்தன. "உன் நாக்கைப் பிடுங்கி இஸ்திரில விடணும்யா!" என்றார் ஆவி மாமா. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் அக்கா உள்ளே வந்தார். கீழே கிடந்த விரிப்பை அழுக்குக் கூடையில் போட்டார், புதிதாக ஒன்றை எடுத்தார், தன் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். மற்றவர்களோ, திருகியதை அக்காவும் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள்.

கப்சா தன் முனையைப் பிடித்தார். இருவரும் நடந்து நெருங்கினார்கள்.

"நாளைக்கு வர்றா," என்றது அக்காவின் உதடு. "மத்தியான பஸ்ல."

மாலை நான்கு வரை வேலை. இருநூறு விரிப்புகளுக்குக் குறையாது. ஒவ்வொரு முறை முனைகள் சேரும்போதும், இந்த முறை சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பார். ஒவ்வொரு முறையும் அக்கா முந்திக்கொண்டார். சின்னவளுக்கு நாளைக்குத் தலைபின்னிவிட அவ அம்மாவே இருப்பா. அவ படுக்க முன் அறையை ஒழிச்சுக் கொடுக்கணும். அடுத்த விரிப்பு. பணம் கைக்கு வரும்வரை வேலையை விட வேண்டாம், இல்லையா தம்பி? கப்சா தலையாட்டினார். அத்தனை பொய் சொன்ன மனிதருக்கு ஒரு உண்மையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தம் அடங்கியதும் அந்த இடம் எப்போதும் கொஞ்சம் சின்னதாகிவிடும். அக்கா தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் கப்சா. "அடிக்கலக்கா. நான் சும்மா சொன்னேன்."

அக்கா சிரித்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார். கை திருகவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"நீ கையைத் திருகலையே."

"நீங்க வெளிய போனப்புறம் திருகினேன்."

அக்கா அவிழ்த்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். "நான் போன் பேசினது உனக்கு எப்பத் தெரியும்?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். 'இப்பத்தான் தெரியும்' என்றால் போதும். அதைவிடப் பெரிய பொய்களை அவர் பல் விளக்கிக்கொண்டே சொல்வார். வாழ்க்கையில் உருப்படியாக ஒரு பொய் தேவைப்பட்ட நேரத்தில் அவருக்கு அது வரவில்லை.

"கண்ணாடி வழியாப் பார்த்தேன்கா. நீங்க பேசினதெல்லாம் படிச்சேன்."

"பார்த்துட்டுமா கையைத் திருகல?"

அவ்வளவுதான் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். மகள் அப்போதே பஸ்ஸில் இருந்தாள். முதலாளியம்மா பத்தே நிமிஷத்தில் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டாளாம்.

வீட்டில் கப்சாவின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் திட்டினாள். "உன் நாக்கை வாடகைக்கு விட்டிருந்தா இந்நேரம் நாம பங்களா கட்டியிருக்கலாம்." பிறகு அவர் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்துத் தட்டை மூடி வைத்தாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், யாரும் கூப்பிடாமலே பஸ் நிலையத்துக்குப் போனார் கப்சா. டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் நின்றார். ஏதாவது தூக்கிக்கொடுக்கலாம் என்று வந்தவர், அக்காவைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார். மகள் இரண்டு பைகளோடு இறங்கினாள். ஆறு வயதுப் பெண் பாட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. தூரம் அதிகம், சத்தமும் அதிகம். சத்தம் அவருக்கு ஒரு தடையா? குழந்தையின் உதடு சொன்னதைப் படித்தார்.

"போன்ல இருந்து எப்படி வெளிய வந்தீங்க?"

மகள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை, கதை தெரிந்ததும், சலவைக்கூடம் கப்சாவைக் கைவிடவில்லை. "பிள்ளைக்கு அம்மா கிடைச்சிடுச்சு, நல்லதுதானேய்யா?" என்றார் ஆவி மாமா. மூக்குப்பொத்தியும் அதையே சொன்னாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று கப்சாவுக்கும் ஆசைதான். ஆனால் சில நாளிலேயே தெரிந்துவிட்டது. அக்கா முன் அறையை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, பெரியவர்கள் இரண்டும் குழந்தை ஒன்றுமாக ஒரே அறைக்குள் ஒடுங்கிவிட்டார். டிசம்பரோடு நிற்பதாகச் சொன்ன பேச்சை மேற்பார்வையாளரிடம் திரும்ப வாங்கிக்கொண்டார். "எது வரைக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "கால் இருக்கிற வரைக்கும்," என்றாராம்.

அக்கா கப்சாவோடு சண்டை போடவில்லை. விரிப்பைப் பிடித்தார், உதறினார், நடந்து வந்தார், முனையைக் கொடுத்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கண் துணியிலேயே இருந்தது. அந்த இடத்தில் முகத்தைப் பார்க்காவிட்டால் காதைப் பொத்திக்கொண்டது போலத்தான். கப்சா மன்னிப்புக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாளைக்கு நானூறு தடவை. எல்லாம் இரைச்சலில் போயிற்று.

ஒரு நாள், கிழிந்த துணி தைக்கும் அறையில் இருந்து உயரமான முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, அக்காவின் முனைக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா அதன்மேல் தலையணை உறைகளை அடுக்கினார். மாலையில் உறைகள் போனதும் ஒரு பக்கெட்டை வைத்தார். உட்காரவில்லை.

மகளுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. கப்சா மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். மடிப்பு மேசையில் இடம் இல்லை, அழுக்குத்துணி அறையில்தான் ஒரு இடம் காலி என்றார் அந்த அம்மாள். ரத்தமும் மருந்தும் இன்னும் சொல்லக் கூடாததும் ஒட்டிய துணிகளைப் பிரிக்கும் வேலை. புதிதாக வருகிற யாரும் ஒரு மாதம் தாங்குவதில்லை. மூக்குப்பொத்திக்கு மூக்கே மரத்துப்போய்விட்டது.

"அங்க என்னைப் போடுங்க. என் இடத்துல அந்தப் பொண்ணைப் போடுங்க."

"இதுவும் உன் கப்சாவா?" அந்த அம்மாள் அவர் கையைப் பார்த்தார். கை அசையவில்லை.

இப்படித்தான் மடிப்பக்காவின் எதிர்முனையில் மகள் வந்து நின்றாள். இரட்டைக் குழந்தைகளிடம் கிடைத்ததில் பாதிச் சம்பளம். உதட்டைப் படிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கப்சா முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அழுக்கு அறைக்குப் போனார். அங்கே கதை எதுவும் சொல்லவில்லை. "ஏதாவது புளுகுங்களேன், பொழுது போகலை," என்று மூக்குப்பொத்தி கெஞ்சியும் பார்த்தாள்.

சீட்டு இப்போது ஆவி மாமா பொறுப்பு. கப்சா சேரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அழுக்கு அறைக்கும் மடிப்பு மேசைக்கும் இடையே இருந்த கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி மாமா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். விழவில்லை. சுற்று மட்டும் நடந்தது. கொதிகலன் உருண்டது. மகள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், "அடிச்சா நீ என்னம்மா பண்ணுவே?"

"உட்காருவேன்," என்றார் அக்கா.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்சாவைக் கண்டார். கண்ணை விலக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன் தம்பி."

கப்சா அவர் கையைப் பார்த்தார். அதற்குள் துணி வண்டி ஒன்று வந்து இடித்தது, மூக்குப்பொத்தி கத்தினாள். அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தம்பின்னா சொன்னாங்க?"

"ஆமா."

"கையைத் திருகினாங்களா?"

"தெரியல," என்றார் கப்சா. "ரெண்டு கையிலயும் துணி இருந்துச்சு."